மேகமில்லாத வானமும் தெளிவான வானமும்

"மேகமே இல்லையே, பிறகு ஏன் பிறை தெரியவில்லை?" ஷஃபான் 29 அன்று மஃரிபுக்குப் பிறகு நம் மஹல்லாக்களில் வழக்கமாக எழும் கேள்வி இது. மேகமில்லாத வானம் வேறு, தெளிவான வானம் வேறு. மலைமேல் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

காற்றில் மிதக்கும் தூசும் புகையும் கடலோரத்து உப்புத்துகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உயரத்துக்குள் தங்கிவிடும். அதைத் தாண்டத்தான் மலை தேவைப்படுகிறது. கொடைக்கானலில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கிருந்துதான் கண்டறிந்தார்.

தூசு இல்லாவிட்டாலும் காற்று அசையாமல் இருக்க வேண்டும். விண்மீன் மினுக்குவது நமக்கு அழகு. தொலைநோக்கியிலோ அது பிம்பத்தைக் கலைத்துவிடும். பகலில் வெயிலேறித் தரை சூடானால் சூரியனின் பிம்பமும் நடுங்கும். அதனால் சூரியனைப் பார்க்கக் காலை நேரமே ஏற்றது.

ஈரப்பதம் இன்னொரு தடை. நீராவி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும். லடாக்கின் ஹான்லேயில், குளிர்ந்து வறண்ட காற்றுள்ள சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பிறைக்கு வருவோம். தலைக்கு நேர்மேலே உள்ள விண்மீனின் ஒளி கடக்கும் காற்றை ஒரு மடங்கு என்று வைத்தால், 10 பாகை உயரத்தில் அது ஐந்தரை மடங்காகும்; அடிவானத்தில் ஏறத்தாழ 38 மடங்கு. மலை ஆய்வாளர்கள் கூடுமானவரை தவிர்க்கும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் நாம் தலைப்பிறையைத் தேடுகிறோம். சந்திரன் எங்கே நிற்கும் என்பதைக் கணக்கு துல்லியமாகச் சொல்லும். அன்று மாலை மேற்கில் எவ்வளவு தூசு இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே மலையூர்க்காரர் கண்டதும் கடற்கரையில் நின்றவர் காணாததும், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இதற்காக ஒருவரையொருவர் பொய்யர் என்பது என்ன நியாயம்?

நம் ஃபிக்ஹு நூல்கள் இதை முன்பே கவனித்திருக்கின்றன. ஹனஃபி மத்ஹபில் மேகமோ தூசோ புகையோ வானை மறைத்திருந்தால் ரமளானுக்கு நேர்மையான ஒருவரின் சாட்சியம் போதும்; வானம் தெளிவாக இருந்தால் பெருங்கூட்டம் கண்டிருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி இரு நிலையிலும் ரமளானுக்கு ஒருவர் போதும். எனவே ஹனஃபி ஜமாஅத்தினர் சாட்சிகளை எண்ணும் முன், மேற்கு அடிவானம் அன்று எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.