கூடையும் கடகமும்

இயேசுவின் ஓர் அற்புதத்தில் ஐயாயிரம் பேர் உண்டு மிஞ்சிய துணிக்கைகள் 12 கூடை. இன்னொன்றில் நாலாயிரம் பேர் உண்டு மிஞ்சியவை 7 கூடை. தமிழ் வேதாகமத்தில் இரண்டும் கூடைதான். கிரேக்கத்தில் முன்னது கொஃபினோஸ், பின்னது ஸ்புரிஸ். ரோமக் கவிஞர் யுவெனாலிஸ் யூதரோடு சேர்த்துப் பேசுவது முதல் கூடையை. தமஸ்கு மதிலிலிருந்து அப்போஸ்தலர் பவுலைத் தப்புவிக்க இறக்கியது இரண்டாவது, அதில் ஆளே அடங்கும். முதல் கூடை யூதருக்குரியது என்பதால் முதற்பந்தி யூதருக்கு, அடுத்தது புறவினத்தாருக்கு என்று விளக்குவோர் உண்டு. இந்தச் சொல் வேறுபாட்டை வெறும் நடைமாற்றம் என்று தள்ளலாமா? மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டு அற்புதங்களையும் ஒருசேர நினைவூட்டும்போதும் சொற்கள் இடம் மாறவில்லையே. அதற்காக 12, 7 என்ற எண்களுக்கும் உட்பொருள் கட்டுவது மிகை. தமிழாக்கத்தில் ஸ்புரிஸுக்கு, பனையோலையில் முடையும் நம் 'கடகம்' பொருந்தியிருக்கும்.