தட்டாமல் பாடுமா தூண்?

போன லீவுக்கு ஊருக்குப் போனப்போ அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு நெல்லையப்பர் கோயிலுக்குப் போனேன். அஞ்சு வயசு வாண்டு. மணிமண்டபத்து இசைத்தூண் முன்னாடி நின்னதும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, தட்டிப் பாக்கட்டா?"

"வேண்டாம்மா"ன்னு சொல்லும்போதே எனக்குக் கூசிச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அதே வயசுல, அதே தூணை நான் ஒரு ரூபாய்க் காசால 'டங் டங்'னு தட்டியிருக்கேன். "எலே, காசை வச்சுத் தட்டாதல, கல்லு தேஞ்சிரும்"னு ஆச்சி அன்னிக்கே அதட்டுனா. கேட்டாத்தானே!

சரி, மேட்டருக்கு வருவோம். நடுவில் ஒரு பெரிய தூண், அதைச் சுற்றிக் கொத்தாக 48 சிறு தூண்கள். எல்லாம் ஒரே கல். தனித்தனியாகச் செய்து ஒட்டியதல்ல. ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் காலத்தது என்பது ஊர் மரபு. மதுரை, அழகர்கோயில், சுசீந்திரம் என்று இசைத்தூண்கள் பல ஊர்களில் உண்டு. நம்ம தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரியில் கல்லிலேயே நாதஸ்வரம் இருக்கு.

இன்னிக்குக் கலைக்கூடங்களில் 'இன்டராக்டிவ் இன்ஸ்டலேஷன்'னு போர்டு வைக்கிறாங்க. பார்க்கிறவன் கை வைத்தால்தான் படைப்பு முழுமையாகும் என்பது அதன் தத்துவம். நம்ம சிற்பி அதை போர்டு வைக்காமலே செஞ்சுட்டார்.

கல் எப்படிப் பாடுது? கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைச் சோதித்து 2008ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூணுக்குள்ளே பொந்து எதுவும் இல்லை, திடமான கல்தான். தட்டும்போது தூண் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து அதிர்வதுதான் அந்த நாதம். கணக்கு சுலபம். கனம் மாறாமல் நீளம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் கால்வாசியாகும். நீளம் மாறாமல் கனம் கூடினால் சுருதி ஏறும். அப்படின்னா சிற்பி உளியாலேயே சுருதி சேர்த்திருக்கார். ஒரு கொத்து அதிகமா விழுந்தா போச்சு. நம்மள மாதிரி கன்ட்ரோல் இசட் கிடையாது.

சிக்கல் என்னன்னா, தட்டினால் தேயும், தட்டாவிட்டால் ஊமை. ஹம்பியில் இப்போது தட்டத் தடை. பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்களுக்கும் இதே கதிதான். பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுக்க, 1963ல் குகையை மூடினார்கள். 1983ல் பக்கத்திலேயே நகல் குகை திறந்தார்கள்.

நான் பொட்டி தட்டுறவன், அதனால மூளை வேற பக்கம் போச்சு. மிக்ஸ்டு ரியாலிட்டி! 1994ல் மில்கிராம், கிஷினோ என்ற இருவர் விளக்கி எழுதிய வார்த்தை. நிஜ உலகமும் கணினி உருவமும் ஒரே பார்வையில் கலந்து தெரிவது. கண்ணாடியை மாட்டினால் நிஜத் தூண் அப்படியே தெரியும். கல்லுக்கு ஒரு சாண் முன்னாடி காற்றில் விரலால் தட்டினால், அந்தந்தத் தூணின் நாதம் அந்தத் தூண் இருக்கிற திசையிலிருந்தே கேட்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவையும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டலாம். சிற்பி காதால் கண்டுபிடிச்சதை வாண்டு கண்ணால பார்க்கும்.

ஆனா ஆபீஸ் டெமோவில் அப்படியொரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தவன் சொல்றேன். விரல் உருவத்துக்குள்ளே புகுந்து போயிடுது. கல்லோட குளிர்ச்சி இல்லை, உள்ளங்கையில் ஏறுகிற அதிர்வு இல்லை. இசைத்தூணில் பாதிக் கலை அந்த அதிர்வுதான்.

அதனால என் ஆசை இரண்டு. ஒண்ணு, அனுமதி வாங்கி, மெத்தென்ற சுத்தியலால் ஒரே ஒரு தடவை ஒவ்வொரு தூணையும் பதிவு செய்து, அளவோடு ஆவணமாக்கணும். தேய்ஞ்ச பிறகு சாஃப்ட்வேர் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு, இன்றைய சிற்பி ஒருவர் கையால் புதுசா ஒரு கொத்துத் தூண் செதுக்கி, பொதுவில் ஒரு இடத்தில் வைக்கணும். பழசுக்குக் கண்ணாடி, புதுசுக்குக் கை. வித்தையும் பிழைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வாண்டு ஆச்சியோட டம்ளரையெல்லாம் வரிசையா அடுக்கி, தண்ணி ஊத்தி, கரண்டியால தட்ட ஆரம்பிச்சிடுச்சு. ஆச்சி இந்தத் தடவை அதட்டலை.

டிஸ்கி: சின்ன வயசுல தூணைத் தட்டினவங்க பின்னூட்டத்துல ஒத்துக்கலாம். நான் ஒத்துக்கிட்டேன் :-)