பிற்சேர்க்கையாய் வந்த பேச்சு

ஆங்கிலேயர் தமிழ் படிக்க ஆர்டன் எழுதிய இலக்கணத்தில், 1934இல் வந்த நான்காம் பதிப்பில்தான் ஜே.ஆர். ஃபிர்த்தின் உச்சரிப்பு ஆய்வு சேர்ந்தது. அதுவும் பிற்சேர்க்கையாக! எழுத்து முன்னே, நாக்கு பின்னே.

கல், பங்கு, பகல்: ககரம் ஒன்று, ஒலி மூன்று. நமக்குத் தானா வரும். அயலாருக்கு யாராவது பிரித்துக் காட்டணும். நா, அண்ணம், பல், இதழ் என்று தொல்காப்பியப் பிறப்பியல் இடம் குறித்ததும் பேச்சுப் பகுப்பாய்வுதான். இன்று கருவி அதைச் செய்கிறது, மதிப்பெண்ணும் போடுகிறது.

யாருடைய பேச்சை அளவுகோலாக வைத்து? பனித்திட்டுப் பெட்டிக்கடையில் புதிதாய்த் தமிழ் கற்பவர் ‘வாளப்பளம்’ கேட்டால் சீப்பு கைக்கு வந்துவிடும். எழுத்துத் தமிழை மையமாக்கிய கருவியோ அதைப் பிழை என்னும். ஆனால் ‘பள்ளிக்கு எப்படிப் போகணும்’ என்பதைப் ‘பல்லிக்கு’ என்று கேட்டால் கடைக்காரம்மாவே சிரிப்பாங்க. கருவி முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.