அழித்தது எங்கே போகிறது?

கரும்பலகையில் எழுதியதை அழித்தால் சுண்ணத்தூள் கீழே உதிர்கிறது. கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்தால் என்ன நிகழ்கிறது? இதைச் சற்று ஆராய்வோம், வாருங்கள்.

தாள் நாடாவில் இட்ட துளைகளைக் கணிப்பொறிகள் படித்த காலத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் 1963-இல் வகுத்த 'ஆஸ்கி' குறியீட்டு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 7 இடங்கள் உண்டு. துளை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆங்கில 'ஏ' எழுத்தின் எண் 65. அதற்கு 2 துளைகள். அதைத் தவறுதலாகத் தட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்ட துளையை அடைக்க முடியாதே! ஆனால் மேலும் துளையிடலாம் அல்லவா? நாடாவை ஓரிடம் பின்னுக்கு நகர்த்தி, 7 இடங்களிலும் துளையிட்டுவிடுவார்கள். 7 துளைகளைக் கண்டால் பொருட்படுத்தாமல் மேலே செல்லவேண்டும் என்பது இயந்திரத்துக்கு விதி. ஏழு 1-களைச் சேர்த்தால் இரும எண்ணில் 127. மற்றக் கட்டுப்பாட்டுக் குறிகள் 0 முதல் 31 வரை வரிசையாக இருக்க, அழித்தல் குறி மட்டும் இன்றும் கடைசியில், 127-இல், தனியே நிற்பது இதனால்தான்.

காந்தத் தட்டுகள் வந்த பிறகும் அழித்தல் என்பது மறைத்தலாகவே இருந்தது. 1981-இல் வந்த எம்.எஸ்.-டாஸ், அழித்த கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்தை மாற்றி ஓர் அடையாளம் இடும். அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். நூலகத்தில் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு, அட்டவணைச் சீட்டைக் கிழிப்பது போன்றது இது. வேறு கோப்பு அங்கே வந்து அமரும்வரை பழையது பத்திரம். இதைப் பயன்படுத்திக்கொண்டு பீட்டர் நார்ட்டன் என்பவர் 1982-இல் மீட்பு நிரல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் நிபுணர் உதவியின்றி, சாதாரண மனிதர் தம் தவற்றைத் தாமே திருத்திக்கொள்வது எப்படி? யூனிக்ஸில் 1971 முதல் இருந்துவரும் 'ஆர்.எம்.' கட்டளை, நாம் கேட்டாலொழிய எச்சரிப்பதில்லை. அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று கேட்பது ஒரு வழி. ஆனால் நூறு முறை 'ஆம்' என்று தட்டிப் பழகிய விரல், நூற்றோராவது முறையும் சிந்திக்காமல் தட்டிவிடும். ஆப்பிள் நிறுவனத்தின் லிசா (1983), மெக்கின்டோஷ் (1984) கணிப்பொறிகளின் திரையில் தோன்றிய குப்பைத்தொட்டி இதைவிட நல்ல வழி. போட்டதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்! ஒரு குறை: மெக்கின்டோஷில் வேறு நிரலை இயக்கினாலே தொட்டி தானாகக் காலியாகிவிடும். நாமாகக் காலி செய்யும்வரை காத்திருக்கும் தொட்டி 1991-இல்தான் வந்தது. விண்டோஸ் 95 தொட்டியையும் வைத்தது, கேள்வியையும் கேட்டது. மீட்கக்கூடியதற்குக் கேள்வி எதற்கு? 2012-இல் வந்த விண்டோஸ் 8, தொட்டிக்குப் போகும் கோப்புக்கு அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

பென் டிரைவில் உள்ள கோப்பு மட்டும் தொட்டிக்குப் போவதில்லை, நேரே அழியும். எனவே அங்கே கேள்வி உண்டு. என் மாணவர்கள் 42 பேரின் செய்முறை மதிப்பெண் பட்டியலை அழிக்கலாமா என்று அது கேட்டது. என் விரல் 'ஆம்' என்றது. பென் டிரைவில் வேறெதையும் எழுதாமல், மீட்பு நிரல் ஒன்றை இயக்கினேன். பட்டியல் முழுதாகத் திரும்பி வந்தது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் காணோம்.