திரையில் நகர்ந்த தேதிகள்

ராக் பாடகர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களில் உடையும் மேடையும் அச்சு அசலாக இருக்கும். தேதிகள்தான் இடம் மாறும். குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியைப் பற்றி 2018-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' இதற்கு நல்ல சான்று. நாயகனாக நடித்த ராமி மாலெக்குக்குக் கிடைத்ததையும் சேர்த்து நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற படம் இது.

மெர்குரி 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபாரில் பிறந்த பார்சி. இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் சேர்க்கப்பட்டார். 'ஃப்ரெடி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், சக மாணவர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்ற முதல் குழுவைத் தொடங்கியதும் அந்த மலையூரில்தான். 1964-இல் சான்சிபார் புரட்சியை அடுத்து குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது.

படத்தின் கதையோ 1970-இல், ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் இளைஞனாக அவரைக் காட்டித் தொடங்குகிறது. அன்றிரவே, பின்னாளில் குயினாக மாறிய 'ஸ்மைல்' குழுவின் பாடகர் விலகுகிறார். ஃப்ரெடி போய்ப் பாடிக் காட்ட, இடம் கிடைத்துவிடுகிறது. உண்மையில் விலகிய டிம் ஸ்டாஃபெல் ஈலிங் கலைக் கல்லூரியில் ஃப்ரெடியோடு படித்த நண்பர். அக்குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஏற்கெனவே பழக்கமானவர்கள். ஃப்ரெடியும் அதற்குள் வேறு சில குழுக்களில் பாடிப் பார்த்திருந்தார். முதல் கச்சேரியிலேயே படத்தில் தென்படும் ஜான் டீக்கன் 1971-இல்தான் வந்து சேர்ந்தார்.

பாட்டுகளும் இப்படியே. 1978-இல் வெளியான 'ஃபேட் பாட்டம்டு கேர்ள்ஸ்' முதல் அமெரிக்கப் பயணத்திலேயே ஒலிக்கிறது. 1977-இன் 'வீ வில் ராக் யூ' உருவாகும் காட்சியில் ஃப்ரெடிக்கு மீசை இருக்கிறது. அந்த மீசையை அவர் வைத்தது 1980-இல்.

இவற்றை மன்னித்துவிடலாம். 'லைவ் எய்ட்' என்ற நிதி திரட்டும் கச்சேரியின் விஷயம் வேறு. 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் குயின் பாடிய இருபது நிமிடச் சொச்சத்தைப் படக்குழு ஒரு விமானத் தளத்தில் மேடை அமைத்து மறுபடி நடத்தியது. பியானோவின் மேல் அன்றிருந்த பெப்சி கோப்பைகள்கூட இடம் பிசகாமல் வைக்கப்பட்டன. அந்த மேடைக்கு வந்து சேரும் கதைதான் கற்பனை. தனி ஆல்பத்துக்காக ஃப்ரெடி குழுவை உடைத்துவிட்டதாகவும், லைவ் எய்டுக்காகவே நால்வரும் மீண்டும் கூடியதாகவும் படம் சொல்கிறது. குயின் உடையவே இல்லை. 1984-இல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வந்தது. 1985 ஜனவரியில் 'ராக் இன் ரியோ' விழாவில் பாடினார்கள். மே மாதம்வரை சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். தனி ஆல்பத்திலும் முந்திக்கொண்டவர் ரோஜர் டெய்லர், 1981-இலேயே.

இதைவிடப் பெரியது நோய் பற்றிய திருத்தம். தமக்கு எய்ட்ஸ் என்று ஒத்திகையிலேயே ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்வதாகக் காட்சி. துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியபடி நோய் உறுதியானது 1987-இல். ஊருக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23, மறுநாள் இறந்தார். நன்றாகப் பாடிய ஒரு மாலையைச் சாவை எதிர்கொண்டவனின் தியாகமாக்கத்தான் நோய் இரண்டு ஆண்டுகள் முன்னே இழுக்கப்பட்டது.

குயினின் மேலாளர் ஜிம் பீச் படத் தயாரிப்பாளர்களில் ஒருவர். மேயும் டெய்லரும் இசைப் பொறுப்பில் இருந்தார்கள். ராக் படத்துக்குப் பாட்டுதான் உயிர். பாட்டின் உரிமை யாரிடமோ, கதையும் பெரும்பாலும் அவர்கள் சொல்கிறபடிதான். உரிமை கிடைக்காமல் எடுத்தவர்களும் உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பற்றிய 2013-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் எழுதிய ஒரு பாட்டுகூட இல்லை. எல்டன் ஜானின் வாழ்க்கையைச் சொல்லும், அவரே தயாரிப்பில் பங்கெடுத்த 'ராக்கெட்மேன்' (2019), கனவுக் காட்சிகளால் தான் கற்பனை என்பதை மறைக்காத படம். அதிலும் அவர் பெயரிலுள்ள 'ஜான்' ஜான் லெனனிடமிருந்து வந்ததாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அது வந்தது பாடகர் லாங் ஜான் பால்ட்ரியின் பெயரிலிருந்து.

'பொஹீமியன் ராப்சடி' இரண்டே கால் மணி நேரம் ஓடுகிறது. பஞ்சகனியில் நடப்பதாக அதில் ஒரு காட்சிகூடக் கிடையாது.