அடைத்து வைத்த தொகுதி

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு தொகுதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பின மக்களை ஒரே இடத்தில் அடைத்துவிட்டால் மற்ற தொகுதிகள் தங்களுக்கே என்று கணக்குப் போட்டு, அன்றைய வெள்ளையராதிக்க ஜனநாயகக் கட்சி 1872இல் வரைந்த இரண்டாவது காங்கிரஸ் தொகுதி. அடைத்த இடத்திலிருந்தே நான்கு கறுப்பினத்தவர் காங்கிரசுக்குப் போனார்கள். கடைசியானவர் வழக்கறிஞர் ஜார்ஜ் ஹென்றி வைட். 1896, 1898 இரண்டிலும் வென்றார். கும்பல் கொலையைத் தேசத்துரோகமாக்கும் மசோதாவை 1900இல் கொண்டுவந்தார். அது குழுவிலேயே முடங்கியது.

அதே ஆண்டு மாநில அரசியல் சட்டத்தில் வாக்காளருக்கு எழுத்தறிவுத் தேர்வு வந்தது. 1867க்கு முன் தாத்தாவுக்கு வாக்குரிமை இருந்தால் பேரனுக்குத் தேர்வு கிடையாது. யாருடைய தாத்தா என்று சொல்லவா வேண்டும்? வைட் மறுபடி நிற்கவில்லை.

அந்த மாநிலத்தில் அடுத்த கறுப்பின உறுப்பினர்களாக ஈவா கிளேட்டனும் மெல் வாட்டும் வென்றது 1992இல். வெள்ளையர் சிலர் தொடுத்த வழக்கு மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் நின்றது. வாட்டின் தொகுதி வடிவம் கோணலாம்.