மார்புப் படிமமும் இரத்தக் குறிகாட்டிகளும் (வைரஸ் நோய்த் தீவிர மதிப்பீடு)

வைரஸ் தொற்றால் நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது, நோய் முற்றுமா என்பதை எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகள் கொண்டு கணிக்கும் மருத்துவ முறை. கோவிட்-19 பரவலின்போது (2020–21) தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது.

சி.டி. மதிப்பெண் முறையில் நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும், பாதிக்கப்பட்ட பரப்பைப் பொறுத்து, தலா 0 முதல் 5 வரை எண் தரப்படும், மொத்தம் 25. பொதுவாக 7 வரை லேசானது, 8–17 மிதமானது, 18-உம் அதற்கு மேலும் தீவிரமானது. கோ-ராட்ஸ் எண் வேறு: அது தொற்றுக்கான வாய்ப்பையே குறிக்கும், தீவிரத்தை அல்ல. அறிக்கைகளில் இரண்டும் அருகருகே அச்சானதால் குழப்பம் மிகுந்தது.

இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம், ஃபெரிட்டின், இன்டர்லூகின்-6 ஆகியவை அழற்சியையும், எல்.டி.ஹெச். திசுச் சேதத்தையும், டி-டைமர் இரத்த உறைவையும் காட்டும். லிம்போசைட் குறைவு எச்சரிக்கைக் குறி. தனி எண்ணைவிட, அடுத்தடுத்த நாள்களில் அது எப்படி மாறுகிறது என்பதே முக்கியம்.

இந்திய வழிகாட்டுதல்கள் ஆக்சிஜன் செறிவையும் மூச்சு வேகத்தையுமே முதன்மை அளவுகோலாக்கின: செறிவு 90–93% எனில் மிதமானது, 90%-க்குக் கீழ் தீவிரமானது. லேசான நோய்க்கு சி.டி. தேவையில்லை என அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா 2021 மே மாதம் எச்சரித்தார்.

பழனி மலைத்தொடர் போன்ற உயரமான இடங்களில் இந்த ஆக்சிஜன் எல்லைகளைக் கவனமாகப் பொருத்த வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நலமாக உள்ளவருக்கும் ஆக்சிஜன் செறிவு சமவெளியைவிடச் சில புள்ளிகள் குறையலாம்.